காபறேற்றரில் கை வைப்பது கடைசி வேலை

மொறிஸ் மைனர் பிக்கப் ஒன்று பாதி வழியில் இழுக்காமல் நின்றால், பொனற்றைத் திறந்தவுடன் பலருடைய கை காபறேற்றருக்குத்தான் போகிறது. வேலை பழக வரும் பிள்ளைகளிடமும் இந்தப் பழக்கத்தைக் காண்கிறேன். 1953இல் இங்கிலாந்தில் வெளிவரத் தொடங்கிய இந்த பிக்கப்பில் கம்பியூட்டரும் இல்லை, சென்சரும் இல்லை. ராங்கியிலிருந்து காபறேற்றரின் ஜெற் வரை பெற்றோல் போக இருப்பது ஒரே பாதை. அது எந்த இடத்தில் மறிபட்டது என்று கண்டுபிடித்துவிட்டால், திருத்துவது பெரும்பாலும் சின்ன வேலைதான். தம்பிமாரே, தேடும் ஒழுங்கைக் கீழே சொல்கிறேன்.

1. முதலில் நெருப்பை நினையுங்கள். பெற்றோல் குழாயைக் கழற்றும் வேலையைத் திறந்த வெளியில், எஞ்சின் ஆறிய பிறகு செய்யுங்கள். மின்சாரம் தேவைப்படாத வேலை என்றால் பற்றரி வயரைக் கழற்றி வையுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். வாயால் குழாயை உறிஞ்சிப் பெற்றோல் எடுக்கும் வித்தையை இன்றோடு விட்டுவிடுங்கள். நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான்.

2. குற்றம் பெற்றோலிலா, கரண்டிலா என்று பிரித்தறியுங்கள். ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் சுவிச்சை நிறுத்தியதுபோலச் சட்டென்று செத்தால், முதலில் கொயில், பொயின்ற், வயர் பக்கம் பாருங்கள். இரண்டு மூன்று தரம் வெட்டி, திணறி, பலமிழந்து நின்றால் பெற்றோல் பக்கம் பாருங்கள். சந்தேகம் என்றால் ஸ்ராட் பண்ண முயன்ற கையோடு ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெற்றோல் வந்தும் எரியவில்லை, அல்லது அளவுக்கு மிஞ்சி வருகிறது.

3. ராங்கிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இந்த வயது வாகனத்தில் கேஜ் காட்டுவதை நம்ப வேண்டாம். அளவு மட்டுமல்ல, தரமும் முக்கியம். இலங்கையின் 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பெற்றோலைச் சேர்த்து வைத்தவர்களும், ஓடாமல் வாகனத்தை நிறுத்தி வைத்தவர்களும் பலர். பல மாதம் கிடந்த பெற்றோலின் இலேசான பகுதி ஆவியாகிவிடும், மிச்சம் பிசினாகும். மணம் வார்னிஷ்போல மாறியிருந்தால் முழுவதையும் இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராத காலத்தில் மண்ணெண்ணெயிலேயே வாகனம் ஓட்டினோம். துளிப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம். குளிர்ந்த எஞ்சினில் அது ஆவியாகாது. எரியாமல் சிலிண்டர் வழியே வடிந்து எஞ்சின் ஒயிலையும் கெடுக்கும். வேறு வழியில்லாமல் செய்த வேலையை இன்று காசு மிச்சம் பிடிக்கச் செய்யாதீர்கள்.

4. பம்பின் சத்தத்தைக் கேட்கப் பழகுங்கள். மைனரில் இருப்பது எஸ்.யூ. கம்பனியின் மின்பம்ப், பொனற்றுக்குள்ளேயே இருக்கிறது. எஞ்சினை ஸ்ராட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். நல்ல பம்ப் ‘டக் டக் டக்’ என்று வேகமாக அடித்து, மெதுவாகி, நின்றுவிடும். காபறேற்றரின் மிதவை அறை நிரம்பி, ஊசி வால்வு மூடிவிட்டது என்பதே அந்த மௌனத்தின் பொருள். சத்தமே இல்லாவிட்டால் ஒரு குற்றம், நிற்காமல் அடித்தால் வேறொரு குற்றம். நின்ற பிறகு இடைக்கிடை ஒரு ‘டக்’ கேட்டால், பெற்றோல் எங்கோ கசிகிறது, அல்லது வால்வு ஒன்று சரியாக மூடவில்லை. இந்த மூன்றையும் பிரித்தறியத் தெரிந்தவனுக்குப் பாதி வேலை முடிந்தது.

5. சத்தம் இல்லையென்றால் உடனே புதுப் பம்ப் வாங்க ஓடாதீர்கள். காபறேற்றருக்குப் போகும் குழாயைப் பம்பின் வாயில் தளர்த்துங்கள். உடனே அடிக்கத் தொடங்கினால் பம்ப் நல்லது, அடைப்பு அதற்கு அப்பால் இருக்கிறது. அடிக்காவிட்டால் ரெஸ்ற் பல்பால் பம்புக்குக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள், பிறகு எர்த் வயரைப் பாருங்கள். இரண்டும் சரியென்றால் ஸ்குறூ டிறைவரின் பிடியால் பம்பை மெதுவாகத் தட்டுங்கள். தட்டியதும் உயிர் வந்தால் உள்ளே பொயின்ற் கரிந்திருக்கிறது. அந்தத் தட்டல் வீடு போய்ச் சேரப் போதும், மருந்தல்ல. இன்னொன்று: தொழிற்சாலையிலிருந்து வந்த வடிவில் மைனருக்குப் பொசிற்றிவ் எர்த். எலெக்றோனிக் பம்ப் மாற்றுவோர் இதைக் கவனிக்காவிட்டால் புதுப் பம்ப் அன்றைக்கே பழுதாகிவிடும்.

6. நிற்காமல் வேகமாக அடித்தால் காற்றைத் தேடுங்கள். ராங்கி காலி, அல்லது பம்ப் பெற்றோலுக்குப் பதில் காற்றை இழுக்கிறது. இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். வாகனத்துக்கு அடியில் ஒரு சொட்டும் இல்லை, எனவே குழாய் நல்லது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பம்புக்கும் காபறேற்றருக்கும் இடையில் ஓட்டை இருந்தால்தான் பெற்றோல் வெளியே சொட்டும். ராங்கிக்கும் பம்புக்கும் இடையில் ஓட்டை இருந்தால், இழுவையில் காற்றுத்தான் உள்ளே போகும். ஈரம் தெரியாது. வெடித்த றப்பர் குழாய், தளர்ந்த இணைப்பு, பம்பின் பில்ற்றர் மூடி ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

7. ராங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள். கொஞ்சத் தூரம் நன்றாக ஓடி, நின்று, சிறிது நேரத்தில் எதையும் திருத்தாமலே மறுபடி ஸ்ராட் ஆகும் வாகனத்தில் இதை மறக்கக் கூடாது. மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனால், காற்றோட்டத் துளை அடைத்திருக்கிறது. பெற்றோல் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வராவிட்டால் எந்தப் பம்பாலும் இழுக்க முடியாது.

8. போத்தலில் பிடித்து அளந்து பாருங்கள். காபறேற்றர் முனையில் குழாயைக் கழற்றிப் போத்தலுக்குள் விட்டு, சாவியைத் திருப்புங்கள். ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய அரை லீற்றர் வந்தால் ராங்கி, குழாய், பம்ப் மூன்றும் நல்லவை. குமிழி வந்தால் ஆறாவது அறிவுரைக்குத் திரும்பிப் போங்கள். மெலிந்து வந்தால் பம்பிலுள்ள வலை பில்ற்றரைக் கழுவுங்கள். அதிலும் தீராவிட்டால் பம்பின் பக்கம் குழாயைக் கழற்றி, ராங்கி மூடியையும் திறந்து விட்டு, ரயருக்குக் காற்றடிக்கும் கைப்பம்பால் ராங்கியை நோக்கி ஊதுங்கள். ஊதியபின் சரியாகி, சில நாளில் மறுபடி அடைத்தால் ராங்கிக்குள் துரு. அதை இறக்கிக் கழுவாமல் தப்ப முடியாது.

9. மிதவை அறையைத் திறவுங்கள். மூடியில் உள்ள ஊசி வால்வில் ஒரு மண் துகள் இருந்தால் போதும். அது ஊசியைத் திறந்தபடி வைத்தால் பெற்றோல் வழியும், மூடியபடி இறுக்கினால் வரத்து நிற்கும். மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே பெற்றோல் சத்தம் கேட்டால் அது ஓட்டை மிதவை, மாற்றத்தான் வேண்டும். அறையின் அடியில் படிந்த சேற்றைத் துடைத்தெடுக்காமல் மூடாதீர்கள்.

10. மத்தியான வெயிலையும் கணக்கில் எடுங்கள். இந்த எஞ்சினில் காபறேற்றரும் புகைபோக்கும் மனிபோல்ட்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. நெரிசலில் ஊர்ந்தாலோ, சூட்டோடு நிறுத்தினாலோ குழாய்க்குள் பெற்றோல் ஆவியாகி வரத்தை மறிக்கும். பொனற்றைத் திறந்து வைத்து ஆறவிடுங்கள். குழாயில் ஈரத்துணி சுற்றலாம். காலால் அக்சிலறேற்றரைத் திரும்பத் திரும்ப மிதிப்பதில் பயனில்லை. மிதித்தால் பெற்றோல் பீச்சும் பம்ப் மைனரின் எஸ்.யூ. காபறேற்றரில் கிடையாது.

11. பிஸ்ரன் ஓடுகிறதா என்று பாருங்கள். காபறேற்றரின் குமிழுக்குள் இருக்கும் பிஸ்ரனை உயர்த்தி விட்டால் ‘டொக்’ என்று தடையின்றி விழ வேண்டும். சிக்கினால் பிஸ்ரனையும் குமிழையும் பெற்றோலில் கழுவித் துணியால் துடையுங்கள், அரத்தாள் போடாதீர்கள். அவை இரண்டும் சோடியாகக் கடைந்தவை, வேறு காபறேற்றரின் குமிழ் பொருந்தாது. மேலே உள்ள தண்டின் குழிக்குள் 20ஆம் தர ஒயில் விடுங்கள். அது வற்றினால் வேகம் கூட்டும்போது எஞ்சின் தயங்கும். அந்தத் தயக்கத்தைப் பெற்றோல் குறைவு என்று எண்ணி அலைந்தவர்கள் உண்டு.

12. கலவை நட்டு எல்லாவற்றுக்கும் பிறகு. ஜெற்றின் அடியில் உள்ள நட்டை மேலே ஏற்றினால் பெற்றோல் குறையும், கீழே இறக்கினால் கூடும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்துங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். எஞ்சின் நிற்கப் பார்த்தால் பெற்றோல் குறைவு. சற்றே கூடி மறுபடி பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி, அதைத் தொடாதீர்கள். திருக வேண்டியிருந்தால் நட்டின் ஆறு பட்டைகளில் ஒரு தரத்துக்கு ஒரு பட்டை மட்டும் திருகிக் கொப்பியில் குறியுங்கள்.

இந்தப் பன்னிரண்டிலும் ஒரு விதி பொது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததற்குப் போங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் வாகனம் ஓடலாம். ஏன் ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாது, அடுத்த முறை மறுபடி மூன்றுக்கும் காசு கொடுப்பீர்கள். ஒழுங்காகத் தேடுங்கள். நேற்றுவரை நன்றாக ஓடிய மைனரில் அந்தக் கலவை நட்டைத் திருக வேண்டிய தேவை மிக அரிது.