ஓடும் கடிகாரத்தை மாற்றலாமா?



பழையது தேய்ந்தபின் புதியதைக் கொள்வது தேவை. பழையது நன்றாயிருக்க, புதியது தோன்றிற்றே என்று அதனை நாடுவது வேட்கை. இவ்விரண்டையும் வேறு பிரித்து அறிதலே இப்பாடத்தின் நோக்கமாகும். இதற்கு ஒரு கைக்கடிகாரத்தையே உதாரணமாகக் கொள்வோம்.

சுவிட்சர்லாந்து தேசத்து ஜெனீவா நகரிலுள்ள ரோலெக்ஸ் நிறுவனம், நீரில் மூழ்கித் தொழில் செய்வோர்க்கென 1953-ஆம் ஆண்டில் 'சப்மரீனர்' என்னும் கடிகாரத்தைச் செய்தது. இன்று அதனை அணிவோருள் பெரும்பாலோர் கடலில் இறங்குவோர் அல்லர். அதன் விலையோ பல இலட்சம் ரூபாய். 2020 செப்டம்பர் 1-ஆம் நாள் அதன் வடிவம் மாற்றி வெளியிடப்பட்டது.

அந்நாட்களில் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். ஆலைத் தொழிலாளியின் மகன். படித்து நல்ல உத்தியோகத்தில் அமர்ந்தவர். பல்லாண்டு சேமித்து, 2016-இல் பழைய வடிவத்தை வாங்கியிருந்தார். "ஐயா, இது பழசாகிவிட்டது. இதை விற்று, மேற்கொண்டு பணம் போட்டுப் புதியதை வாங்கலாமென்று எண்ணுகிறேன்" என்றார். நிறுவனத்தின் கடைகளில் காத்திருப்போர் பலராதலின், வெளிச்சந்தையில் கூடுதல் விலை கேட்டனராம். "மேற்கொண்டு போடும் பணம் எது, தம்பி?" என்று வினவினேன். தங்கையின் கல்லூரிப் படிப்புக்கென ஒதுக்கியது என்று தலைகவிழ்ந்து கூறினார்.

நான் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. ஆசையைக் கடிந்தால் அது மறைந்துகொள்ளுமேயன்றி ஒழியாது. இரண்டு கடிகாரங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றேன்.

முதலாவது, உருவம். பழையதன் அளவு 40 மில்லிமீட்டர். புதியதன் அளவு 41. பட்டையைத் தாங்கும் காதுகள் சற்று மெலிந்துள்ளன.

இரண்டாவது, நீர்காப்பு. இரண்டும் 300 மீட்டர் ஆழம் வரை தாங்கும். வேற்றுமை இல்லை.

மூன்றாவது, நேரந் தவறாமை. நாளொன்றுக்கு இரண்டு விநாடிக்குமேல் முந்தாமலும் பிந்தாமலும் ஓடுதல் வேண்டுமென்பது 2015 முதல் அந்நிறுவனம் கொண்ட விதி. 2016-இல் வாங்கியதும் அவ்விதிக்கு உட்பட்டதே.

நான்காவது, ஓட்டம். கழற்றி வைத்தால் பழையது ஏறக்குறைய 48 மணி நேரமும், புதியது 70 மணி நேரமும் ஓடும். இஃது மெய்யான முன்னேற்றமே. வெள்ளி மாலை 7 மணிக்குக் கழற்றித் திங்கள் காலை 7 மணிக்கு அணிபவர்க்கு இடைவெளி 60 மணி நேரம். பழையது நின்றிருக்கும், புதியது ஓடிக்கொண்டிருக்கும். நின்றதற்குச் சாவி கொடுத்து முள்ளைத் திருத்த ஒரு நிமிடம் போதும்.

"தம்பி, நீ கழற்றி வைப்பதுண்டோ?" என்றேன். "இல்லை ஐயா, உறங்கும்பொழுதும் கையில்தான் இருக்கும்" என்றார். கை அசையும்போதே தானாகச் சாவி ஏறும் கடிகாரம் அது. ஆகவே, அந்த நான்காவது நன்மையும் அவருக்குப் பயன்படவில்லை.

அங்ஙனமாயின், 'பழசாகிவிட்டது' என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? செப்டம்பர் முதல் நாள் காலையில் ஓடிய கடிகாரமே அன்று மாலையிலும் ஓடிற்று. அதில் ஒரு பல்சக்கரமும் தேயவில்லை. மாறியது மனமே. மணிமேகலை உரைக்கும் பன்னிரு சார்புகளுள் ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என நான்கு அடுத்தடுத்து வருவதை நாம் படித்திருக்கிறோம். படத்தைக் கண் கண்டது ஊறு. இனிதென உணர்ந்தது நுகர்வு. வேண்டுமென எழுந்தது வேட்கை. தங்கையின் பணத்தின்மீது கை நீண்டது பற்று.

ஆனந்த தேரரின் வரலாற்றை நினைவு கூர்மின். உதயண மன்னனின் தேவியர் அவருக்கு ஐந்நூறு மேலாடைகளை ஈந்தனர். இத்தனையும் எதற்கு என்று மன்னன் வினவினான். ஆடை கிழிந்த பிக்குகளுக்குப் பகிர்ந்தளிப்பேன் என்றார் தேரர். அவர்களுடைய பழைய ஆடைகள் படுக்கை விரிப்பாகும். அவை நைந்தால் தரை விரிப்பாகும். பின்னர்க் கால் துடைக்கும் துணியாகும். இறுதியில் கிழித்து மண்ணோடு பிசைந்து தரை பூசப் பயன்படும் என்றார். புதியது கிழிந்தவர்க்கே சென்றது, பழையதும் வீணாகவில்லை. யாம் நூற்பாலையில் கதிர் தேய்ந்தால் மாற்றினோம். அடுத்த ஆலையில் புதுக்கதிர் வந்ததெனக் கேட்டு, ஓடுகின்ற கதிரைக் கழற்றினோமல்லோம்.

மாற்றுதலே குற்றமென்று கூறேன். பழையது பழுது பார்க்க இயலாது போயினும், கைக்கு மெய்யாகவே பொருந்தாது உறுத்தினும், பிறர்க்குரிய பொருளைத் தொடாமல் மாற்றிக்கொள்ளலாம். அப்பொழுதும் ஆறு திங்கள் பொறுத்துப் பாருங்கள். தேவை ஆறு திங்களுக்குப் பின்னும் நிற்கும்; வேட்கை அதற்குள் வேறொரு படத்தின்மேல் தாவியிருக்கும்.

அவ்விளைஞர் பொறுத்திருந்தார். தங்கை கல்லூரியிற் சேர்ந்தாள். 2024-இல் பட்டம் பெற்றாள். அவ்விழாவுக்கு அண்ணன் சென்றபோது அவர் கையிலிருந்தது அப்பழைய கடிகாரமே. பத்தாண்டு அளவில் ஒருமுறை பிரித்துத் துடைத்து எண்ணெயிட்டால், அது இன்னும் பல்லாண்டு ஓடும்.

வீட்டிற் சிந்திக்க மூன்று வினாக்கள்:

1. நான் மாற்ற விரும்பும் பொருள் தேய்ந்ததா, அன்றி என் கண்ணுக்குச் சலித்ததா?

2. புதியதன் நன்மைகளுள் என் வாழ்வில் மெய்யாகப் பயன்படுவது எது?

3. அதற்குரிய பணம் யாருடைய தேவையிலிருந்து எடுக்கப்படுகிறது?

மூன்றாம் வினாவுக்கு மனமறிந்து விடை கூறுவோர்க்கு முதலிரண்டும் எளிதிற் விளங்கும்.