ஜெர்மனியில் கட்டணம் இல்லை, செலவு உண்டு

கேள்வி: மகள் பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம். வெளிநாட்டில் எம்.எஸ்சி. படிக்க ஆசைப்படுகிறாள். ஏஜென்டுகள் 30 லட்சம் என்கிறார்கள். சாலைக் கடைத்தெருவில் சிறு வியாபாரம் செய்யும் எங்களுக்குக் கட்டுப்படியாகுமா?
– வாசகர், திருவனந்தபுரம்

பதில்: ஆகும். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் எம்.எஸ்சி.க்குக் கல்விக் கட்டணமே கிடையாது. செமஸ்டருக்குச் சில நூறு யூரோ நிர்வாகச் செலவு மட்டும்தான். பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் விலக்கு: அங்கே செமஸ்டருக்கு 1,500 யூரோ.

பாரம் வேறிடத்தில் இருக்கிறது. ஓராண்டுச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்டினால்தான் பொதுவாக விசா. யூரோ 100 ரூபாய் என்றால் ஏறக்குறைய 12 லட்சம். அங்கே போனதும் மாதம் 992 யூரோ வீதம் அவள் கைக்கே வரும். கல்விக் கடன் கேட்கும்போது இந்தத் தொகைக்கும் சேர்த்துத் தருவார்களா என்று வங்கியில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்று 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்குக் கட்டாயம், தாமதிக்காமல் விண்ணப்பியுங்கள். மூன்றாண்டுப் பட்டத்தை எல்லாத் துறையும் ஏற்பதில்லை, விதியைப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும் பகுதிநேர வேலைக்கு ஜெர்மன் வேண்டும். நம் ஊர் கோத்தே சென்ட்ரத்தில் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

ஏஜென்ட் சொல்லும் 30 லட்சம் பெரும்பாலும் தனியார் கல்லூரிக் கணக்கு. பல்கலைக்கழகம் அரசுடையதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கட்டாதீர்கள்.