மணல் எங்கே போனது?

கடற்கரையில் நின்றிருக்கிறீர்களா? அலை வரும். காலை நனைக்கும். திரும்பிப் போகும்போது காலடி மணலும் நழுவும். அந்த மணல் எங்கே போகிறது?

அது கடலிலேயே தங்கிவிடுவதில்லை. அடுத்த அலை அதைத் தூக்கி மீண்டும் கரையில் போடும். ஆனால் அலை நேராக வருவதில்லை. சற்றே சாய்ந்து வருகிறது. அதனால் ஒவ்வோர் அலைக்கும் மணல் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்கிறது.

நம் நாட்டின் கிழக்குக் கரையில் பெரும்பாலான மாதங்களில் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கே திரும்பும். ஆனால் வடக்கே போவதுதான் அதிகம். கரை ஓரமாக ஓடும் மணல் ஆறு என்று இதைச் சொல்லலாம்.

ஆற்றை மறித்தால் என்ன ஆகும்? ஒரு பக்கம் நீர் தேங்கும். மறு பக்கம் வறண்டு போகும். மணல் ஆற்றுக்கும் அப்படித்தான்.

புதுச்சேரியில் நடந்தது

புதுச்சேரியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு துறைமுகம் இருக்கிறது. 1980களின் கடைசியில் அங்கே கடலுக்குள் இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். படகுகள் அமைதியான நீரில் வந்து போக வேண்டும் என்பதற்காகக் கட்டினார்கள்.

சுவர் அலையைத் தடுத்தது. மணலையும் தடுத்தது. தெற்குப் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்கே நகரக் கடற்கரைக்கு மணல் வருவது குறைந்தது. ஆனால் அங்கே இருந்த மணலை அலை எடுத்துக்கொண்டே இருந்தது. வரவு இல்லை, செலவு மட்டும் உண்டு. அகலமான மணற்பரப்பு காணாமல் போனது.

நகரைக் காப்பாற்றக் கரை நெடுகக் கல் கொட்டினார்கள். கல்லில் மோதிய அலை, கல்லின் அடியில் கிடந்த மணலை அரித்தது. அங்கே கடல் ஆழமானது. அரிப்பு நிற்கவில்லை. மெல்ல வடக்கே நகர்ந்தது. தமிழ்நாட்டின் மீனவக் குப்பங்களை எட்டியது. படகு ஏற்ற, வலை உலர்த்த இடமில்லை. வீடுகளும் இடிந்தன.

தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே கொட்ட வேண்டும் என்பது துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. அது தொடர்ந்து நடக்கவில்லை.

2018ஆம் ஆண்டு நகரக் கடற்கரைக்கு எதிரே, கடலுக்குள் எஃகினால் ஆன ஒரு பெரிய அமைப்பை இறக்கினார்கள். தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் அதை வடிவமைத்தது. அது அலையின் வேகத்தைக் குறைக்கிறது. அதன் பிறகு காந்தி சிலை அருகே மணற்பரப்பு மீண்டும் உருவானது. ஆனால் ஓர் இடத்தில் மணல் நின்றால் அடுத்த ஊருக்கு என்ன ஆகும்? அதையும் அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

எப்படி அளக்கிறார்கள்?

கடலின் மேலே பார்த்தால் அடியில் நடப்பது தெரியாது. அதற்குக் கருவிகள் உண்டு.

படகிலிருந்து ஒரு கருவி கடலடிக்கு ஒலி அனுப்பும். ஒலி தரையில் பட்டுத் திரும்பும். திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்து ஆழத்தைக் கணக்கிடுவார்கள். இன்னொரு கருவி நீரோட்டத்தின் வேகத்தையும் திசையையும் காட்டும். மிதவைகள் அலையின் உயரத்தை அளக்கும். செயற்கைக்கோள் படங்கள் கரைக்கோட்டைக் காட்டும்.

இப்படி 1990 முதல் 2018 வரையிலான படங்களை மத்திய அரசின் ஆய்வு மையம் ஒன்று ஒப்பிட்டுப் பார்த்தது. இந்தியக் கடற்கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிக்கப்படுவது தெரிந்தது. கட்டடங்கள் மட்டுமே இதற்குக் காரணம் அல்ல. புயலும் காரணம். ஆற்று மணல் கடலுக்கு வராமல் போவதும் காரணம்.

பால்வாடியில் குழந்தையை மாதாமாதம் எடை பார்க்கிறார்கள். ஒரு தடவை மட்டும் பார்த்தால் குழந்தை வளர்கிறதா, மெலிகிறதா என்று தெரியாது. கரையும் அப்படித்தான். கட்டும் முன்பே அளக்க வேண்டும். கட்டும்போதும், கட்டிய பின்பும் அளக்க வேண்டும். முன்பு அளந்த கணக்கு இல்லாவிட்டால், கரை இப்படித்தான் இருந்தது என்று யாரும் சொல்லிவிடலாம்.

நாமும் அளக்கலாம்

கரையிலிருந்து தள்ளி, அசையாத ஓர் அடையாளத்தைத் தேர்ந்தெடுங்கள். கோயில் சுவராக இருக்கலாம். பள்ளிக்கூடத் தூணாக இருக்கலாம். ஒவ்வொரு பௌர்ணமி அன்றும் கடல்நீர் ஏறி நின்ற ஈரக்கோடு வரை கயிறு பிடித்து அளந்து பாருங்கள். எப்போதும் ஒரே இடத்திலிருந்து, ஒரே திசையில் அளக்க வேண்டும். கடல் கொந்தளிக்கும் நாளில் வேண்டாம்.

தேதியையும் அளவையும் நோட்டில் எழுதுங்கள். மழைக்காலத்தில் மணல் போவதும் பிறகு வருவதும் இயல்பு. ஆகவே இந்த ஆண்டு தை மாத அளவைச் சென்ற ஆண்டு தை மாத அளவோடு ஒப்பிடுங்கள்.

பெரிய துறைமுகம் கட்டும் முன் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கை சொல்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதை நடத்தும். மக்கள் கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் அவகாசம் தந்து பத்திரிகையில் அறிவிப்பு வரும். அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். நோட்டையும் கொண்டு போங்கள். “கரை குறைந்துவிட்டது” என்று சொல்வது ஒரு பேச்சு. “இரண்டு ஆண்டில் 14 அடி குறைந்தது, இதோ கணக்கு” என்று சொல்வது ஒரு சாட்சி.

பதில் எழுதுங்கள்

1. அலைதடுப்புச் சுவரின் எந்தப் பக்கம் மணல் சேர்ந்தது? ஏன்?
2. கட்டும் முன்பே கரையை ஏன் அளக்க வேண்டும்?
3. ஓர் ஊரில் சென்ற தை மாதம் 120 அடி மணல் இருந்தது. இந்தத் தை மாதம் 111 அடி இருக்கிறது. எத்தனை அடி குறைந்தது?
4. உங்கள் ஊர்க் கடற்கரையோ ஆற்றங்கரையோ முன்பு எப்படி இருந்தது? பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள்.