சதை பிடிச்சிருச்சா? முதல் மூணு நாள் நான் சொல்றதைக் கேளு!

புதுச்சேரி பீச் ரோட்டுல வண்டி விடறதுக்குள்ள ரெண்டு ரவுண்டு ஓடிடணும்னு உடம்பைக்கூட சூடு பண்ணாம ஓடியிருப்பே. காந்தி சிலைகிட்ட கெண்டைக்கால் சதை சுரீர்னு பிடிச்சிருக்கும். சரி, உட்காரு தங்கச்சி. இனிமே பண்ணப்போற தப்பையாவது பண்ணாதே.

1. வீக்கத்தைப் பார்த்துப் பதறாதே. கிழிஞ்ச சதைக்கு உன் ரத்தத்துலேருந்தே ஆள் வந்தாச்சு. நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளணு சில மணி நேரத்துலயே வந்து சிதைஞ்சதை அள்ள ஆரம்பிச்சிடும். அடுத்தது மேக்ரோஃபேஜ். முதல் ரெண்டு நாள் கழிவை விழுங்கும். அப்புறம் குணம் மாறி, வீக்கத்தை அடக்கும். சதை நாரை ஒட்டி சும்மா கிடக்கிற சேட்டிலைட் செல்களைப் புது நாரா வளர வைக்கிறதும் இதுதான். எலிகள்ல மேக்ரோஃபேஜை வரவிடாம தடுத்துப் பார்த்தாங்க: சதை சரியா ஆறல, தழும்புதான் மிஞ்சிச்சு. இந்த மாதிரி விழுங்குற செல்லை 1882-ல நட்சத்திர மீன் குஞ்சுக்குள்ள முள்ளைக் குத்திப் பார்த்துக் கண்டுபிடிச்சவர் மெச்னிகாஃப். 1908-ல நோபல் பரிசே கொடுத்தாங்க!

2. நீவவே நீவாதே. பாட்டி தைலத்தோட வருவாங்க, பக்குவமா சொல்லித் திருப்பி அனுப்பு. இப்போ அழுத்தினா உள்ளே ரத்தம் இன்னும் கசியும். அடிபட்ட சதைக்குள்ள எலும்பு வளர்றதுகூட சில பேருக்கு நடக்கும். சுடுதண்ணி ஒத்தடமும் வேண்டாம்.

3. வலி தாங்கலன்னா ஐஸைத் துணியில சுத்திப் பத்து நிமிஷம் வை, போதும். 1978-ல ஐஸ் வைக்கச் சொன்ன அமெரிக்க டாக்டர் கேப் மிர்கினே, அது ஆறுறதைத் தாமதப்படுத்தலாம்னு பின்னாடி மாத்திச் சொல்லிட்டார்.

4. மெடிக்கல்ல நீயா கேட்டு டைக்ளோஃபெனாக், இப்யூப்ரோஃபென் வாங்கி முழுங்காதே. அந்த வெள்ளணுக்களோட வேலையிலயும் அது குறுக்கிடலாம், வயித்தையும் புண்ணாக்கும். கூடவே காய்ச்சல் இருந்தா தொடவே தொடாதே! டெங்குவா இருந்தா ரத்தக்கசிவுல கொண்டுபோய் விடும்.

5. அதுக்காகப் படுத்தே கிடக்காதே. ரெண்டு நாள் கழிச்சு, வலி கூடாத அளவுக்குக் கணுக்காலை ஆட்டு, வீட்டுக்குள்ள நட. மீன், முட்டை, பயறு தினமும் தட்டுல இருக்கட்டும்.

6. கால் ஊனவே முடியல, மரத்துப்போகுது, சிறுநீர் அடர்பழுப்பா போகுதுன்னா உடனே கோரிமேடு ஜிப்மர் எமர்ஜென்சிக்குக் கிளம்பு. அடிபடாமலே ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினாலும் அப்படித்தான், அது ரத்தக்கட்டியா இருக்கலாம்.

திரும்ப எப்போ ஓடறது? அடிபட்ட கால் ஒண்ணுல நின்னு, குதிகாலைத் தூக்கி எழும்பிப் பாரு. வலிச்சா, இன்னும் நடைதான்.