சோர்ஸ் கோடில் இருந்து புரோகிராம்: ஃபிளாக்குகளை யார் தருவது?

லினக்ஸ் நிறுவிய புதியவர்கள் என்றாவது ஒரு நாள் ஒரு புரோகிராமை சோர்ஸ் கோடாக இறக்கி, தாங்களே கம்பைல் செய்ய வேண்டி வரும். டெர்மினலில் மேக் என்று டைப் செய்து என்டர் தட்டினால் மளமளவென்று வரிகள் ஓடும். அவற்றில் ஹைஃபனுடன் தொடங்கும் குறிகள்தான் ஃபிளாக்குகள். இவை தெரியாமல் நான் ஓர் இரவைத் தொலைத்தேன். நீங்களும் தொலைக்க வேண்டாம்.

வீட்டுச் செலவுக் கணக்குப் புரோகிராம் ஒன்று அடிக்கடி பாதியில் நின்றது. டீபக் தகவலுடன் கம்பைல் செய்தால் பிழையைக் கண்டுபிடிக்கலாம் என்று நினைத்து, மேக் கட்டளையுடன் சிஃபிளாக்ஸ் மதிப்பாக ஹைஃபன் ஜி கொடுத்தேன். உடனே 'ஹெடர் ஃபைல் இல்லை' என்று பிழைச் செய்தி! லைப்ரரியை நீக்கி மீண்டும் நிறுவினேன், பயனில்லை. ஹார்ட் டிஸ்க்கையே ஃபார்மட் செய்யத் துணிந்துவிட்டேன். குடும்பப் படங்கள் அதில்தான் இருந்தன, பேக்கப் கிடையாது. நல்லவேளை, அதற்குமுன் மேக்ஃபைலை எடிட்டரில் திறந்து பார்த்தேன்.

அதை எழுதியவர், ஹெடர் ஃபைல்கள் இருக்கும் டைரக்டரியைக் காட்டும் ஹைஃபன் ஐ ஃபிளாக்கையும் சிஃபிளாக்ஸ் வரியிலேயே வைத்திருந்தார். கட்டளை வரியில் நாம் தரும் மதிப்பு பழையதுடன் சேராது. அதை முழுவதுமாக நீக்கிவிட்டு அந்த இடத்தில் அமரும். வழி போய்விட்டது, ஹெடரும் காணாமல் போனது. குற்றம் என் கம்ப்யூட்டரில் இல்லை.

எது எதற்கு என்று பார்ப்போம்.

சிஃபிளாக்ஸ்: சி கம்பைலருக்கு. டீபக் தகவல், ஹைஃபன் ஓ2 போன்ற வேக அளவுகள் இதில் வரும்.

சிஎக்ஸ்எக்ஸ்ஃபிளாக்ஸ்: சி பிளஸ் பிளஸ் கம்பைலருக்கு.

சிபிபிஃபிளாக்ஸ்: பெயரைப் பார்த்து சி பிளஸ் பிளஸ் என்று ஏமாறாதீர்கள். இது ப்ரீபிராசஸருக்கு. ஹைஃபன் ஐ, ஹைஃபன் டி இரண்டும் இங்கே.

எல்டிஃபிளாக்ஸ்: லிங்க் செய்யும் கட்டத்துக்கு.

1976-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் மேக்கை உருவாக்கினார். பின்னர் வந்த குனு விதிமுறை தெளிவாகச் சொல்கிறது: சிஃபிளாக்ஸ் பயனாளருக்கு உரியது. கட்டாயம் தேவைப்படும் ஃபிளாக்குகளை மேக்ஃபைல் எழுதுபவர் வேறு பெயரில் வைக்க வேண்டும். ஆட்டோமேக்கில் இதற்கு ஏஎம்_சிஃபிளாக்ஸ், ஏஎம்_சிபிபிஃபிளாக்ஸ் உண்டு. கம்பைல் வரியில் இவை முன்னும், பயனாளருடையவை பின்னும் வர வேண்டும். ஏன்? ஹைஃபன் ஓ2, ஹைஃபன் ஓ0 இரண்டும் வந்தால் ஜிசிசி கடைசியில் வருவதையே எடுத்துக்கொள்ளும்.

நான் செய்தது இதுதான். ஹைஃபன் ஐ பகுதியை வெட்டி, தனிப் பெயர் கொண்ட ஒரு வரியில் வைத்தேன். கம்பைல் வரியில் அந்தப் பெயரை சிஃபிளாக்ஸுக்கு முன்னால் சேர்த்தேன். மறுபடி மேக் கொடுத்தேன், பிழையின்றி முடிந்தது.

ஓர் எச்சரிக்கை. மேக் பொதுவாக ஃபைல்களின் நேரத்தைத்தான் ஒப்பிடும். ஃபிளாக்கை மட்டும் மாற்றினால் ஏற்கனவே கம்பைல் ஆனவற்றைத் தொடாது. எனவே முதலில் மேக் கிளீன் கொடுத்துவிட்டு, பிறகு மேக் கொடுங்கள்.

அடுத்த முறை இப்படிப் பிழை வந்தால் ஃபார்மட் செய்ய ஓடாதீர்கள். முதலில் மேக்ஃபைலைத் திறந்து பாருங்கள்!