கல்லாய் இறுகிய வயிறும் பாதியில் நிறுத்திய பவுடரும்

ஆறு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்து, "பேதி நிக்கவே மாட்டேங்குது டாக்டர்" என்பார்கள் பெற்றோர். ஜட்டியில் நாள் தவறாமல் பழுப்புக் கறை. மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்தால் இடது அடிவயிற்றில் கட்டிகட்டியாகக் கைக்குத் தட்டுப்படும். பையனுக்கு வந்திருப்பது பேதியே இல்லை, மாதக்கணக்கான மலச்சிக்கல். உள்ளே இறுகிக் கிடக்கும் மலத்தைச் சுற்றிக்கொண்டு இளகியது கசிந்து வருகிறது. வருவது அவனுக்கே தெரியாது. இதற்காக அடி வாங்கும் பிள்ளைகள் ஏராளம்.

இந்த நேரத்தில் பேதியை நிறுத்தும் மருந்து கொடுத்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

குழந்தைகளின் நாள்பட்ட மலச்சிக்கலில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குடலில் எந்த நோயும் இருக்காது. ஒருநாள் மலம் கெட்டியாகப் போய் ஆசனவாயில் வெடிப்பு விழுகிறது. வலிக்குப் பயந்து குழந்தை அடுத்த தடவை அடக்குகிறது. சோபாவுக்குப் பின்னால் போய், நுனிக்காலில் நின்று, தொடைகளை இறுக்கி முகம் சிவக்கும் பிள்ளையைப் பார்த்து "பாவம், முக்குறான்" என்று வீட்டில் நினைப்பார்கள். உண்மையில் அவன் வெளியே வரவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கிறான். தங்கிய மலத்திலிருந்து குடல் நீரை உறிஞ்ச, அது மேலும் இறுகிப் பெரிதாகிறது. மலக்குடல் விரிந்து தொய்ந்து, 'போகணும்' என்ற உணர்வே மங்கிவிடுகிறது. தொய்ந்த குடல் பழைய நிலைக்கு மீள மாதங்கள் ஆகும். சிகிச்சை நீள்வது இதனால்தான்.

மருந்தைத் தொடுவதற்கு முன் வேறு நோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பிறந்து 48 மணி நேரம் கடந்தும் முதல் மலம் போகாத குழந்தை, பிறந்த முதல் மாதத்திலேயே தொடங்கிய சிக்கல், வயிறு உப்பிப் பச்சையாக வாந்தி, எடை ஏறாமை, கால்களில் பலவீனம், முதுகின் அடியில் முடிக்கொத்து அல்லது குழி ஆகியவற்றில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியம் பார்க்கக் கூடாது. டென்மார்க் மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்பிரங் 1886இல் விவரித்த, குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்களே இல்லாத பிறவிக் குறைபாடு இவற்றில் முதல் சில அறிகுறிகளோடு தலைகாட்டலாம். அதற்கு அறுவை சிகிச்சைதான் வழி. மாறாக, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் ஒன்றரை மாதத்துக்கு மேற்பட்ட குழந்தை ஒரு வாரம் போகாமலிருந்து பிறகு இளக்கமாகப் போனால், அதற்கு மருந்தே வேண்டாம்.

அடுத்து, தேங்கியதை வெளியேற்றுவது. பலரும் தவறவிடும் படி இது. அடைப்பு இருக்கும்போது தினமும் ஒரு ஸ்பூன் சிரப் கொடுத்தால் கசிவுதான் கூடும். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் முதலில் எழுதுவது பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடர். அடைப்பை அகற்ற, எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை, 3 முதல் 6 நாள்கள் கொடுப்பது 2014இல் வெளியான ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைக் குடலியல் சங்கங்களின் வழிகாட்டல். 18 கிலோ எடையுள்ள பையனுக்கு அது நாளொன்றுக்கு 18 முதல் 27 கிராம். அளவை முடிவு செய்வது மருத்துவர்தான். கணக்கு தெரிந்திருந்தால் சீட்டில் எழுதியிருப்பது ஏன் இவ்வளவு என்று பெற்றோர் மிரள மாட்டார்கள்.

மருந்துக்கடையில் ஒரு எச்சரிக்கை. இதே பெயரில், உப்புகள் கலந்து, இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைக்கும் பெரிய பாக்கெட்டும் உண்டு. அது பெரியவர்களுக்குப் பெருங்குடல் எண்டோஸ்கோப்பிக்கு முன் குடலைக் கழுவுவதற்கு. தினசரிப் பவுடர் வேறு. சீட்டையும் பாக்கெட்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அடைப்பை அகற்றும் சிகிச்சையைப் பள்ளி விடுமுறையில் தொடங்குவது புத்திசாலித்தனம். முதல் இரண்டு நாள் கசிவு கூடும், வயிற்றைப் பிசையும். பயந்துபோய் நிறுத்துவது இங்கேதான். கட்டிகள் வந்து முடிந்து, தண்ணீராகப் போகத் தொடங்கினால்தான் வேலை முடிந்தது. எனிமாவும் இதே அளவுக்குப் பலன் தரும். ஆனால் ஏற்கெனவே அந்த இடத்தைத் தொடவிடாமல் அலறும் பிள்ளைக்கு வாய்வழி மருந்தே மேல். பாஸ்பேட் எனிமாவை இரண்டு வயதுக்குக் கீழும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் தவிர்க்க வேண்டும். ரத்தத்தில் உப்புச் சமநிலை ஆபத்தாகக் குலையலாம். வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு, சங்கில் புகட்டும் விளக்கெண்ணெய் எல்லாவற்றுக்கும் பாட்டிமார்களிடம் அன்போடு சொல்லி விடை கொடுத்துவிடலாம். காம்பும் சோப்பும் புண்ணாக்கும், எண்ணெய் புரையேறி நுரையீரலுக்குப் போகலாம்.

அடைப்பு நீங்கிய மறுநாளே பராமரிப்பு அளவு தொடங்க வேண்டும். வழக்கமாகக் கிலோவுக்கு 0.4 கிராம், அதே பையனுக்குச் சுமார் 7 கிராம். தேவையைப் பொறுத்து 0.2 முதல் 0.8 வரை கூட்டலாம், குறைக்கலாம். தினமும் வலியில்லாமல், இளக்கமாக ஒருமுறை போவதுதான் இலக்கு. இந்தப் பவுடர் பெரும்பாலும் ரத்தத்தில் கலப்பதில்லை. தான் கரைந்த நீரைக் குடல் உறிஞ்சிவிடாமல் பிடித்து வைத்து மலத்தை இளக்குகிறது, அவ்வளவுதான். ஆகவே சொன்ன அளவு தண்ணீரிலோ ஜூஸிலோ முழுக்கக் கரைத்தே கொடுக்க வேண்டும். "பழகிப்போய்விடும், குடல் சோம்பேறியாகிவிடும்" என்ற பயத்துக்கு ஆதாரமில்லை.

ஒரு வயதுக்குக் கீழே லாக்டுலோஸ் சிரப் கொடுக்கிறார்கள். பவுடர் கிடைக்காத இடத்தில் பெரிய பிள்ளைகளுக்கும் அதுவே. கொஞ்சம் வாயு சேரும். லிக்விட் பாரபின் ஒரு வயதுக்குக் கீழும், விழுங்குவதில் சிரமமுள்ள பிள்ளைகளுக்கும் கூடவே கூடாது. சென்னா, பிஸகோடைல் போன்ற, குடலை உந்தும் மருந்துகள் பவுடர் மட்டும் போதாதபோது துணைக்கு வருபவை.

மருந்தோடு உட்காரும் பழக்கமும் வேண்டும். சாப்பிட்டவுடன் பெருங்குடல் தானாக அசையும். அந்த நேரத்தில் ஐந்து பத்து நிமிடம், செல்போன் இல்லாமல். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலடியில் ஒரு முக்காலி. கால் அந்தரத்தில் தொங்கினால் முக்க முடியாது. போனாலும் போகாவிட்டாலும் உட்கார்ந்ததற்கே ஒரு ஸ்டிக்கர். கீரையும் பழமும் வயதுக்கேற்ற அளவு போதும். நார்ச்சத்து கிராமில் வயதோடு 5ஐக் கூட்டினால் வருவது நாளுக்கான தோராயக் கணக்கு. பப்பாளியையும் வாழைப்பழத்தையும் திணித்து மட்டும் பழைய சிக்கலைத் தீர்த்துவிட முடியாது.

எப்போது நிறுத்துவது? குறைந்தது இரண்டு மாதம் மருந்து தொடர வேண்டும். எல்லாத் தொந்தரவும் நீங்கி ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். அதன் பிறகும் சட்டென்று விடாமல் படிப்படியாகக் குறைக்க வேண்டும். டாய்லெட் பழக்கும் காலத்தில் நிறுத்தவே கூடாது. சிறப்பு மருத்துவர்களிடம் வரும் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் 6 முதல் 12 மாதத்துக்குள் மருந்திலிருந்து முழுதாக விடுபடுகிறார்கள் என்பதால், ஒரு வருடம் ஓடினாலும் அது தோல்வி இல்லை.

சரியான அளவில் விடாமல் கொடுத்தும் பலனில்லை என்றால் தைராய்டு, சீலியாக் (கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத குடல் நோய்) பரிசோதனைகள் செய்வார்கள். மருத்துவர் சொன்னால் 2 முதல் 4 வாரம் பசும்பாலை நிறுத்திப் பார்ப்பதும் உண்டு. அமெரிக்காவில் 2023இல் மலச்சிக்கலுக்கான லினாக்ளோடைட் கேப்ஸ்யூலுக்கு 6 முதல் 17 வயதினருக்கு அனுமதி கிடைத்தது; இரண்டு வயதுக்குக் கீழ் அது தடை.

நின்ற சிக்கல் திரும்ப வருவது சகஜம். காய்ச்சல், நீண்ட ரயில் பயணம், புதுப் பள்ளியின் நாற்றமடிக்கும் கழிப்பறை, ஏதாவது ஒன்று போதும். இரண்டு மூன்று நாள் தள்ளிப்போய் மலம் கெட்டியானால், கட்டி சேரும்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் பேசிவிட்டுப் பழைய பராமரிப்பு அளவையே திரும்பத் தொடங்கலாம்.