சம்பளம் மூவாயிரம், கைக்கு எவ்வளவு?

எங்கள் ஊர் செனாயில் தொழிற்சாலைகளுக்குப் பஞ்சமில்லை. 2025-ஆம் ஆண்டில் என் அக்காவுக்கு ஒரே வாரத்தில் இரண்டு நியமனக் கடிதங்கள் வந்தன. இரண்டும் ஊரிலேயே, இரண்டிலும் மொத்தம் 3,000 ரிங்கிட். ஒன்றில் அத்தனையும் அடிப்படைச் சம்பளம். மற்றதில் அடிப்படை 2,400, போக்குவரத்து அலவன்ஸ் 600. "ரெண்டும் ஒன்னுதானே" என்றார் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பட்டம் பெற்று வேலைக்குச் செல்லவிருக்கும் நண்பர்களுக்கும் இந்தக் கணக்கு உதவும். தமிழ்ப்பள்ளியில் படித்த விழுக்காடு இதற்குப் போதும்.

முதல் பிடித்தம் ஊழியர் சேமநிதி, அதாவது இ.பி.எப். நம்மிடமிருந்து 11 விழுக்காடு. சம்பளம் 5,000 ரிங்கிட்டைத் தாண்டாதவருக்கு முதலாளி 13 விழுக்காடு சேர்க்க வேண்டும். அடுத்து சொக்சோ, ஏறக்குறைய 0.5 விழுக்காடு. 2018-இல் தொடங்கிய வேலைக் காப்புறுதித் திட்டத்திற்கு ஏறக்குறைய 0.2 விழுக்காடு. இவ்விரண்டும் அட்டவணைப்படி பிடிக்கப்படுவதால், நாம் போடும் கணக்கில் சில காசு வித்தியாசம் வரும்.

2025-ஆம் ஆண்டு விகிதப்படி முதல் வேலையில் இ.பி.எப் 330, சொக்சோ 14.75, வேலைக் காப்புறுதி 5.90. கைக்கு வருவது 2,649.35 ரிங்கிட்.

வருமான வரி? பலர் பயப்படுவது இதற்குத்தான். ஆண்டு வருமானம் 36,000. அதில் சொந்தக் கழிவு 9,000, இ.பி.எப் 3,960 போக மீதம் 23,040. இதற்கு வரி 241.20 ரிங்கிட். ஆனால் வரிக்குரிய வருமானம் 35,000-க்குள் இருந்தால் 400 ரிங்கிட் தள்ளுபடி உண்டு. ஆகவே வரி ஏதுமில்லை.

இப்போது இரண்டாவது வேலை. போக்குவரத்து அலவன்ஸ் இ.பி.எப், சொக்சோ கணக்கில் சேராது. 2,400-க்கு மட்டுமே பிடித்தம்: 264, 11.75, 4.70. கைக்கு 2,719.55 வரும். முதல் வேலையைவிட 70.20 ரிங்கிட் அதிகம்!

அம்மாவுக்கு இதுவே பிடித்திருந்தது. அக்கா மறுபக்கத்தையும் எழுதிக் காட்டினார். இ.பி.எப் கணக்கில் முதல் வேலையில் மாதம் 720 சேரும். இரண்டாவதில் 576 மட்டுமே. ஆண்டுக்கு 1,728 ரிங்கிட் குறைகிறது. அதில் பெரும்பகுதி முதலாளி தராமல் மிச்சம் பிடிப்பது. ஓவர்டைம் கூலிக்கும் இந்த அலவன்ஸ் கணக்கில் வராது. சாதாரண நாளில் ஒரு மணி நேரத்துக்கு முதல் வேலையில் சுமார் 21.60, இரண்டாவதில் சுமார் 17.30. அலவன்ஸ் கொடுப்பது தவறென்று சொல்லவில்லை. அதைச் சம்பளம் என்று எண்ணி ஏமாறக் கூடாது, அவ்வளவே.

எங்கள் ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு நாள்தோறும் போய்வருவோர் கணக்கு வேறு. அங்கு நிரந்தரவாசி அல்லாத மலேசியருக்குச் சேமநிதிப் பிடித்தம் கிடையாது. முதலாளி பங்கும் கிடையாது. வருமான வரியும் மாதாமாதம் பிடிக்கப்படுவதில்லை, மறு ஆண்டு தாமே கட்ட வேண்டும். சம்பளம் முழுதாகக் கைக்கு வருகிறதே என்று செலவழித்துவிட்டுப் பிறகு விழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அக்கா முதல் வேலையையே எடுத்தார். முதல் சம்பளச் சீட்டை அம்மா இருமுறை பார்த்துவிட்டு, "மீதி எங்கடி?" என்று கேட்டார். முதலாளி பணம் கட்டக் கடைசி நாள் மறுமாதம் 15-ஆம் தேதி. அது கழிந்ததும் அக்கா கைப்பேசியில் தம் இ.பி.எப் கணக்கைத் திறந்து, 720 ரிங்கிட் வந்திருப்பதைக் காட்டினார்.